தாய்மைக்கு முந்திய மூன்று மாதம்

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு நம்மிடையே அறிவுரைக்குப் பஞ்சமில்லை. அன்னாசியைத் தொடாதே, பப்பாளி ஆகாது, உடம்புச் சூட்டைக் குறை, இந்தக் கஷாயத்தைக் குடி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு சாப்பிடுகிறாய், நாளுக்கு எத்தனை கிளாஸ் தே குடிக்கிறாய், இரத்தச் சோதனை கடைசியாக எப்போது செய்தாய் என்று கேட்பவர்கள் குறைவு. கருத்தரிப்போடு உண்மையிலேயே தொடர்புள்ள கேள்விகள் இவைதான். இந்த அத்தியாயம் அவற்றுக்கு விடை தேட உங்களுக்கு உதவும்.

முதலில் ஒரு கணக்கு. சினைப்பையில் இருக்கும் ஒரு கருமுட்டை தன் கடைசிக் கட்ட வளர்ச்சியை முடித்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. ஆணின் விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கும் மேல் ஆகிறது. ஆகவே இந்த மாதம் கருத்தரித்தால், அதில் சேரும் முட்டையும் விந்தணுவும் போன மூன்று மாதச் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பழக்கங்களிலும் வளர்ந்தவை. தலை முழுகாத பிறகு சத்தாகச் சாப்பிடத் தொடங்குவது நல்லதுதான். ஆனால் அது தாமதமான தொடக்கம்.

தோட்டத்துத் தட்டும் தாமான் வாழ்க்கையும்

நம் சாப்பாட்டுப் பழக்கம் தோட்டத்தில் உருவானது. 1877இல் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிறகு பேராக் மாநிலமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பெங், தாப்பா, சுங்காய் என்று நம் பாட்டிமார் பால் மரம் வெட்டாத பகுதி இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பிய உடம்புகள் அவை. மதியம் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டால் அது மாலைக்குள் எரிந்துவிடும். குளிர்ப்பெட்டி இல்லாத லயத்து வீட்டில் கெடாமல் இருந்தது டின் பால். தேநீரில் அதைக் கலந்து குடித்ததும் உழைப்புக்குத் தெம்பாக இருந்தது.

1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மேம்பாட்டுத் திட்டங்கள் வந்தன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் அதைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் நகர்ந்தன. பேத்திமார் இப்போது தொழிற்சாலையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், பேரங்காடி முகப்பில் நிற்கிறார்கள், அலுவலகத்தில் கணினி முன் இருக்கிறார்கள். உழைப்பு மாறிவிட்டது; சோற்றின் அளவும் டின் பாலும் மாறவில்லை. இன்றைய நம் பெண்கள் பலரின் மாதவிடாய்க் கோளாறில் இந்தப் பொருத்தமின்மைக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

பழைய தோட்டச் சாப்பாட்டைப் பொற்காலமாக்கிப் பேசவும் கூடாது. கொக்கிப்புழுவும் மலேரியாவும் தோட்டப் பெண்களின் இரத்தத்தை உறிஞ்சின. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. அந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு: வேலியோரத்து முருங்கைக்கீரை, தினசரிப் பருப்பு, சின்ன மீன், நடை. விட்டுவிட வேண்டியவை இரண்டு: மலைபோல் குவித்த வெள்ளைச் சோறு, டின் பால்.

சீனிக்கும் சினைப்பைக்கும் என்ன தொடர்பு?

சோறு, ரொட்டி சானாய், சீனி போட்ட பானம் எல்லாம் விரைவில் குளுக்கோசாகி இரத்தத்தில் கலக்கின்றன. அதைச் செல்களுக்குள் அனுப்புவது இன்சுலின். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரச் சேர, செல்கள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைக்கின்றன. உடல் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. இந்த மிகை இன்சுலின் சினைப்பையை ஆண்தன்மை ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுகிறது. அந்த ஹார்மோன்களைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையும் குறைக்கிறது. விளைவாக, முட்டைப் பைகள் வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகின்றன. முட்டை வெளிவருவதில்லை, மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் பரு, தாடையில் முடி, கழுத்தில் கருமை தோன்றலாம். இதைத்தான் பிசிஓஎஸ் என்கிறோம். குழந்தை பெறும் வயதுள்ள பெண்களில் 8 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் 70 விழுக்காடு வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருப்பதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. பாதிப் பேருக்கு எடை மிகை. இனவாரியாகப் பார்த்தால் இரண்டிலும் இந்தியர்களே முன்னிலையில் இருந்தார்கள். வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இனிப்புநீர் இருந்தால், உங்கள் மாதவிடாய்க் கோளாறை அதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

நம்பிக்கை தரும் செய்தியும் இங்கேதான் இருக்கிறது. எடை மிகையான பெண் தன் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிப்படுவது சீராகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. சினிமா நாயகி போல் ஆக வேண்டியதில்லை. ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை. இடுப்புச் சுற்றளவு 80 செண்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

மெலிந்த பெண்களுக்கும் ஒரு சொல். இரவு ஷிப்டுக்குப் போய், பசியாறாமல் தூங்கி, ஒரு வேளை மட்டும் சாப்பிடும் பெண்ணுக்கும் மாதவிடாய் நின்றுபோகலாம். குறியீடு 18.5க்குக் கீழே இருந்தால் உங்கள் வேலை எடையைக் கூட்டுவது. பட்டினி கிடப்பதாக மூளை உணர்ந்தால், முட்டையை வளர்க்கச் சொல்லும் ஹார்மோன் கட்டளைகளை அது குறைத்துவிடும்.

தட்டை மாற்றி அடுக்குங்கள்

சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறையை நினைவில் வையுங்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு வகை, அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் வீட்டு வழக்கத்தில் இது தலைகீழாக இருக்கிறது. முக்கால் தட்டு சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி கூட்டு. சோற்றை முதலில் போடாமல், காய்கறியை முதலில் போட்டுப் பழகினால் அளவு தானாகக் குறையும். ஒரு வேளைச் சோறு உங்கள் மூடிய கை அளவு இருந்தால் போதும்.

அமெரிக்கத் தாதியர் 17,544 பேரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் பெரிதும் பேசப்படுவது. முட்டை வெளிப்படாததால் வரும் குழந்தையின்மை, குறிப்பிட்ட உணவு முறையைப் பின்பற்றிய பெண்களிடம் மிகக் குறைவாக இருந்தது. விலங்குப் புரதத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பருப்பு, பயறு வகைகள், மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து, டிரான்ஸ் கொழுப்பைத் தவிர்த்தல், தாவர இரும்புச்சத்து, பல்சத்து மாத்திரை. இவைதான் அந்த முறையின் தூண்கள். இது மக்களின் பழக்கங்களைக் கவனித்துச் சொன்ன முடிவு. மருந்துபோல் கொடுத்துச் சோதித்தது அன்று. ஆகவே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள்: முருங்கைக்கீரைப் பருப்பும் கொண்டைக்கடலைச் சுண்டலும் இட்லி சாம்பாரும் அதில் இயல்பாகப் பொருந்துகின்றன. வெளிநாட்டுப் பொடி எதுவும் வாங்கத் தேவையில்லை.

ஈப்போவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. புந்தோங் கச்சாங் பூத்தேவுக்குப் பேர்போன இடம். அவித்த கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் அருமையான மாலைத் தீனி. முறுக்கும் எண்ணெயில் பொரித்த மற்ற வகைகளும் தீபாவளிக்கு இருக்கட்டும். தெம்பே, தவ்பூ, ஈப்போவின் பருத்த தவ்கே ஆகியவையும் மலிவானவை, புரதமும் சத்தும் உள்ளவை. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்கிப் பயன்படுத்துவதை வீட்டில் நிறுத்துங்கள்.

பானங்களே பலருக்குப் பெரிய இடறல். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் சீனி இருக்கிறது. ஒரு கிளாஸ் தே தாரேக்கில் ஒரு கரண்டியோடு யாரும் நிறுத்துவதில்லை. சேர்க்கப்படும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்தாறு தேக்கரண்டிக்குள் இருப்பது சிறந்தது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கடையில் இப்படிக் கேளுங்கள்: ‘தே ஓ கோசோங்’, அல்லது பால் வேண்டுமென்றால் ‘தே சி கோசோங்’. ஒரேயடியாக முடியாவிட்டால் முதல் இரண்டு வாரம் ‘கூராங் மானிஸ்’ என்று தொடங்குங்கள். ஈப்போ வெள்ளைக் காப்பி பிடிக்குமென்றால் நாளுக்கு ஒன்று போதும். கருவுக்கு முயலும்போது காபீன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு.

இரத்தம் சேர வேண்டும்

2019 ஆய்வின்படி இந்த நாட்டில் குழந்தை பெறும் வயதுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்குச் சோகை. இரத்தக்குறைவோடு கர்ப்பமானால் தாய்க்கு ஆபத்து. குறைப்பிரசவத்துக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் அது வழி வைக்கும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் சோகை என்று கணக்கு.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் மெதுவாகத்தான் சேரும். வைட்டமின் சி அதை விரைவுபடுத்தும். தேயிலையும் காப்பியும் தடுக்கும். இதிலிருந்து மூன்று பழக்கங்கள்:

1. சாப்பிட்டதும் தே குடிக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

2. கீரை, பருப்பு சாப்பிடும் வேளையில் ஒரு துண்டு கொய்யா சேருங்கள். பீடோர் கொய்யா நம் மாநிலத்துக் கனி. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. தம்பூன் பம்ளிமாஸும் நல்லது. எலுமிச்சைச் சாறு பிழிந்தாலும் பயன் உண்டு.

3. இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடோ தேயோடோ விழுங்காதீர்கள்.

ஆட்டு மண்ணீரல், சின்ன மீன், முட்டை, வாரம் ஓரிரு முறை ஆட்டிறைச்சி ஆகியவை இரும்புக்கு உதவும். ஈரலை மட்டும் கருவுக்கு முயலும் காலத்தில் தவிர்ப்பது நல்லது. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்; அளவு கூடினால் கருவுக்குத் தீங்கு.

ஒன்றைக் கவனியுங்கள். சோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை. மலேசியாவில் தலசீமியாக் கடத்திகள் கணிசமாக இருக்கிறார்கள். கணவன் மனைவி இருவருமே கடத்திகளாக இருந்தால் குழந்தைக்குக் கடுமையான நோய் வரக்கூடும். ஆகவே நீங்களாக மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிடாமல், முதலில் இரத்தச் சோதனை செய்து காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபோலிக் அமிலமும் மற்றச் சத்துகளும்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழாய், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அதற்குள் தாங்கள் கர்ப்பமென்றே தெரியாது. அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். 1991இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, முன்பு இந்தக் குறையோடு குழந்தை பெற்ற தாய்மாரிடம், மாத்திரை மீண்டும் அது வருவதை 72 விழுக்காடு தடுத்ததைக் காட்டியது. பொதுவாக நாளுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது, கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை. நீரிழிவு, வலிப்பு மருந்து, மிகை எடை, முன்பு இக்குறையுள்ள குழந்தை ஆகிய நிலைகளில் கூடுதல் அளவு தேவைப்படும். அதை மருத்துவர் சொல்வார்.

சைவமாகவே இருப்பவர்களுக்கு பி12 குறையலாம். பால், தயிர், முட்டையோடு தேவைப்பட்டால் மாத்திரை. அயோடின் சேர்த்த உப்பை வாங்குங்கள். வெயிலே படாமல் வேலை செய்பவர்கள் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லலாம். மீனில் சின்னதைத் தேர்ந்தெடுங்கள்: கெம்போங், செலார், பங்கோர் நெத்திலி. சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். சுறாப்புட்டு நம் வீட்டில் மருந்துச் சாப்பாடாகவே கருதப்படுகிறது. ஆனாலும் கருவுக்கு முயலும்போது அதை விட்டுவிடுங்கள்.

விரதம், பத்தியம், கஷாயம்

குழந்தை வரம் வேண்டிச் சஷ்டி விரதம் இருக்கும் பெண்களும், தைப்பூசத்துக்குக் கல்லுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு விரதம் காக்கும் பெண்களும் இங்கே பலர். அந்த நம்பிக்கையை விட வேண்டியதில்லை. விரத நாளிலும் மாத்திரைகளைத் தொடருங்கள். பழமும் பாலும் மட்டும் என்றில்லாமல் பயறு, கடலை, தயிர் சேருங்கள். நீரிழிவு மருந்து சாப்பிடுபவர் பட்டினி கிடப்பதற்கு முன் கிளினிக்கில் கேட்டே ஆக வேண்டும். சைவ விரதம் என்பதற்காக மைதா உருண்டையும் பொரித்த அப்பளமும் தட்டை நிரப்ப விடாதீர்கள்.

நன்றாகப் பழுத்த பப்பாளியும் அளவான அன்னாசியும் கருத்தரிப்பைத் தடுப்பதில்லை. பால் வடியும் பப்பாளிக்காயைக் கர்ப்ப காலத்தில் தவிர்த்தால் போதும். சாயோர் மானிஸ் கீரையைச் சமைத்துச் சாப்பிடுங்கள். உடல் இளைக்க அதைப் பச்சைச் சாறாகக் குடிக்காதீர்கள். 1990களில் தைவானில் அப்படிக் குடித்த பலரின் நுரையீரல் மீளாத பாதிப்புக்கு உள்ளானது. ‘கருப்பையைச் சுத்தம் செய்யும்’ பொடி, கஷாயம் என்று யாராவது விற்றால், பெட்டியில் ‘மால்’ எனத் தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் வில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் சாப்பிட வேண்டாம்.

சாப்பாட்டால் முடியாதவை

அடைபட்ட கருக்குழாயைக் கீரை திறக்காது. வயதால் குறையும் முட்டைகளின் எண்ணிக்கையைப் பருப்பு கூட்டாது. விந்தணுக் குறைவை மனைவியின் பத்தியம் சரிசெய்யாது. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதி இணைகளிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. ஆனால் “ஏம்மா, இன்னும் ஒன்னும் இல்லையா?” என்ற கேள்வி மருமகளிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. விந்துச் சோதனை எளிமையானது, வலியில்லாதது. மனைவிக்குப் பெரிய சோதனைகள் எதுவும் தொடங்குமுன் கணவர் அதைச் செய்துகொள்ள வேண்டும். சிகரெட்டையும் மதுவையும் அவர் விடுவது, இந்தப் பக்கங்களில் பெண்ணுக்குச் சொன்ன எதற்கும் குறைந்த முக்கியத்துவம் உடையதன்று.

35 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓராண்டு முயன்றும் தங்கவில்லை என்றால், 35ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்தில், மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறவர்களும், கடும் வலி அல்லது முன்பு அறுவைச் சிகிச்சை உள்ளவர்களும் காத்திருக்கவே வேண்டாம்.

அரசாங்கக் கிளினிக்குகளில், ஈப்போவில் கிரீன்டவுன் போன்ற இடங்களில், ஒரு வெள்ளிக் கட்டணத்தில் குடிமக்கள் மருத்துவரைப் பார்க்கலாம். ‘கர்ப்பத்துக்கு முந்திய பராமரிப்பு’ வேண்டும் என்று கேளுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். கேட்க வேண்டிய சோதனைகள்: ஹீமோகுளோபின், தலசீமியா, இரத்தச் சீனி, தைராய்டு, இரத்த அழுத்தம், ருபெல்லா தடுப்பு நிலை. நீரிழிவு உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 6.5க்குக் கீழே கொண்டுவந்த பிறகு கருத்தரிப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு. மருந்தை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது.

ஒரு நாள் சாப்பாடு

காலை: இரண்டு தோசை, காய் நிறைந்த சாம்பார், அவித்த முட்டை ஒன்று. ஒரு மணி நேரம் கழித்து தே சி கோசோங்.

மதியம்: கைப்பிடிச் சோறு, கெம்போங் மீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பருப்பு, கங்கோங் அல்லது தவ்கே பிரட்டல், கொய்யா.

மாலை: ஒரு சின்ன மங்கு அவித்த கடலை. ஒரு மணி நேரம் கழித்து சீனியில்லாத தே ஓ.

இரவு: இரண்டு சப்பாத்தி, தெம்பே அல்லது கோழிப் பிரட்டல், வெள்ளரி, தக்காளிப் பச்சடி, ஒரு கிளாஸ் பால் அல்லது தயிர். பிறகு தாமானைச் சுற்றி அரை மணி நேர நடை.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள். கிளினிக்குக்குத் தேதி வாங்குங்கள். கணவரும் உடன் வரட்டும். எடையையும் இடுப்புச் சுற்றளவையும் மாதவிடாய்த் தேதிகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் டின் பால் வாங்குவதை நிறுத்துங்கள்.

மாமியார்மாருக்கும் கணவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். வீடு முழுக்கப் பழையபடி சாப்பிட, ஒரு பெண் மட்டும் தனிச் சட்டியில் பத்தியம் காத்தால் அது ஒரு மாதம்கூட நிலைக்காது. மாமனாரின் இனிப்புநீருக்கும், கணவரின் தொப்பைக்கும், மருமகளின் சினைப்பைக்கும் தேவைப்படுவது ஒரே சாப்பாடுதான். அவள் ஒருத்திக்காக என்றில்லாமல், வீட்டுச் சமையலையே இன்றிலிருந்து மாற்றுங்கள். அவள் தட்டில் சோறு குறையும்போது உங்கள் தட்டிலும் குறையட்டும்.